கழிவுநூல் சாக்கு

பட்டறையின் கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சதுரம் சதுரமாக இறங்கி, புதுப் பச்சை பூசிய ரயில் பெட்டியின் மேல் ஈரமாக மின்னுகிறது. படிக்கட்டை ஒட்டி அந்தப் பச்சையில் நீளமாக ஒரு தேய்ப்பு. அதில் வெள்ளை மயிர் ஒட்டியிருக்கிறது. நாளைக் காலை பெரிய அதிகாரி பார்க்க வரும் பெட்டி அது. உரசியவள் கார்டம்மா. எந்தப் பெட்டி வந்தாலும் ரயில் கார்டு மாதிரி கடைசி வாசலில் ஏறி உட்கார்ந்துகொள்வதால் பூனைக்கு அந்தப் பெயர். “இதோட மூணு தடவை. சாக்குல கட்டிக் கால்வாய்ல போட்டுட்டு வா,” என்கிறார் மேஸ்திரி, பெயிண்டரிடம். கை துடைக்கும் கழிவுநூல் கிடக்கிற சாக்கைப் பெயிண்டர் விரித்துப் பிடிக்கிறார். துரத்த வேண்டியதே இல்லை. தினமும் மதியம் அவள் தூங்குவது அதில்தான். விலாவெல்லாம் பச்சையாக, வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து, அவர் முழங்காலில் ஒரு உரசு உரசிவிட்டுத் தானாகவே உள்ளே போகிறாள். “பாருங்கடா, அம்மா வீட்டுக்குப் போற மாதிரி போறா!” என்று சிரிக்கிற ஃபிட்டர், இரும்புப் பிரேக் கட்டை ஒன்றைத் தூக்கி வருகிறான். “இதையும் போடுண்ணே. மிதந்து திரும்பி வந்துடப்போறா.” கட்டை உள்ளே இறங்குகிறது. அவள் அதற்கு இடம் விட்டு நகர்ந்து படுக்கிறாள். குர்ர்ர் என்று சாக்கு முழுக்க அவள் சுகம் கேட்கிறது. பெயிண்டர் சாக்கின் வாயைத் திருகிக் கம்பியைச் சுற்றும்போது, இடுக்கு வழியாக ஒரு பாதம் வெளியே வருகிறது. நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு, விளையாட்டாக அவர் விரலைத் தேடித் தொடுகிறது. “உள்ள போடி, தங்கம்,” என்று அந்தப் பாதத்தை வலிக்காமல் மடித்துத் தள்ளிவிட்டு, அவர் கம்பியை இறுக்குகிறார்.