பெரிய வெள்ளியும் செத்த கோழியும்

அச்சாஃபலாயா ஆற்று வெள்ளம் வீட்டுப் படிவரை வந்து நிற்கிறது. மிஞ்சியிருந்த மாவையெல்லாம் இரும்புச் சட்டியில் கொட்டி, குழம்புக்காக எண்ணெயில் விடாமல் வறுக்கிறாள் யூலாலி. மாவு சிவந்துவிட்டது. குழம்பில் போட மீனில்லை, நண்டில்லை. வெறும் வலையோடு வந்த கணவன் ஓவீடின் கையில், சற்றுமுன் வெள்ளத்தில் மூழ்கிச் செத்த அவர்களுடைய ஒரே கோழி தொங்குகிறது. இறகு நுனியில் நீர் சொட்டுகிறது.

“சட்டியில போடுடி. நாளைக்கு நாறிடும்.”

“பெரிய வெள்ளிய்யா இன்னிக்கு. மீன்னா பரவால்ல, கறி தின்னா பாவம்.”

“ஆண்டவரே செத்துக் கிடக்காரு இன்னிக்கு. யாரு பாக்கப்போறா?”

கரண்டி நிற்கிறது. நேற்றிலிருந்து பட்டினி கிடக்கும் பிள்ளைகள் கட்டிலிலிருந்து கோழியையே பார்க்கிறார்கள். யூலாலி சிலுவை போட்டுக்கொண்டு, கோழியை வாங்கி வாசல் நீரில் விடுகிறாள். அது மெல்லச் சுழன்று சைப்ரஸ் மரங்களுக்குள் போகும்வரை பார்த்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் சட்டியில் மாவு கருகுகிறது.