அஞ்சரை மணி ரிப்பேர்

"இன்னைக்கு என்ன போச்சு?"

செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்.

"காலிங் பெல்," என்றாள் மனைவி.

திங்கட்கிழமை இஸ்திரிப் பெட்டி. செவ்வாய் டேபிள் ஃபேன். இன்றைக்குக் காலிங் பெல். இவன் வேலை பார்ப்பதோ வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் கடையில். ஊருக்கெல்லாம் ரெண்டு வருஷம் கேரண்டி என்று வாய் கிழியச் சொல்லி விற்கிறவன் வீட்டில், இரண்டு மாதமாகச் சாயங்காலம் ஐந்தரை ஆனால் ஏதாவது ஒன்று மண்டையைப் போட்டுவிடுகிறது.

"உன் கைராசி அப்படி. நீ தொட்டா எதுதான் உருப்படும்?"

கூடத்தில் அப்பா பெல்லைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

ஓய்வு பெற்ற புதிதில் அவர் படுத்திய பாடு தனி. பொழுது சாய்ந்தால் போதும், "அந்த எட்டு மாடிக் கட்டடத்துல பிரேக்கை முடுக்கினேனா, இல்லையா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

"அது ஆறு வருஷமா நல்லாத்தானே ஓடுது?" என்றால், "அதான் இன்னும் பயமா இருக்கு" என்பார். அப்புறம் சாப்பாடும் கிடையாது, பேச்சும் கிடையாது.

மனைவி மட்டும் சளைத்தவளா? தினமும் ஐந்தரைக்குக் கடைக்குப் போன் போடுவாள். "ஏங்க, உங்க அக்கா அன்னைக்குச் சிரிக்காமப் போனாங்களே, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" கடையில் கூட்டம் நெரியும் நேரம். இவன் எடுக்காமலே இருந்துதான் அந்தப் பழக்கத்தை நிறுத்தினான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

இந்த ரிப்பேர் தொல்லைக்கும் ஒரு முடிவு கட்டுவது என்று மறுநாள் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்தான்.

சமையலறையில் மனைவி டோஸ்டரைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரால் அதன் அடிமூடியைத் திறந்துகொண்டிருந்தாள். கையும் களவுமாக.

"என்ன பண்றே?"

"மெதுவாப் பேசுங்க. மாமா காதுல விழுந்துடும்." அவள் ஒரு ஒயரை உருவினாள். "கையில வேலை இருந்தா அவருக்கு அந்த லிஃப்ட் ஞாபகம் வர்றதில்ல. என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மூடியை மாட்டி, டோஸ்டரைக் கொண்டுபோய் மாமனாரிடம் கொடுத்தாள். "சூடே ஆகல மாமா." பிறகு ஒன்றும் அறியாதவளாக டீ போடத் திரும்பி வந்துவிட்டாள்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். நல்ல பொருளைக் கெடுத்து, பெரிய மனுஷனையும் ஏமாற்றுவது ஒரு வைத்தியமா? இரண்டு மாதமாக முட்டாளானது போதும். நேராகக் கூடத்துக்குப் போனான்.

"அப்பா, அந்த டூல்ஸ் பெட்டியை இப்படிக் கொடுங்க. பரண்ல போட்டுடறேன். இது எதுவுமே தானா ரிப்பேர் ஆகல."

"மெதுவாப் பேசுடா. அவ காதுல விழுந்துடும்."



அப்பா அடிமூடியைக் கழற்றி டோஸ்டரின் வயிற்றைக் காட்டினார். "ஒயரை அழகா உருவி, நான் திரும்ப மாட்ட வசதியா ஓரமா மடிச்சும் வச்சிருக்கா. தானா கழன்ற ஒயர் தன்னை மடிச்சு வச்சுக்குமா? முதல் நாளே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சே எதுக்குப்பா தினமும் உக்காந்து முடுக்கறீங்க?"

"சாயங்காலமானா அந்தப் பொண்ணு ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, யார் என்ன நினைச்சாங்களோன்னு தனக்குத்தானே பேசிக் கண்ணைத் துடைச்சிட்டு இருந்தா. இப்போ எதைக் கழற்றலாம்னு யோசிக்கவே அவளுக்கு நேரம் சரியா இருக்கு. எனக்கு டார்ச் பிடிக்கும்போது மனசுல இருக்கறதைக் கொட்டிடறா. நானும் என் லிஃப்ட் கதையைச் சொல்லிக்கறேன். இதை நீ வந்து கெடுக்காதே."

அவனுக்கு எரிச்சல் அடங்கவில்லை.

"மனசு சரியில்லன்னா, கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

அப்பா ஒயரை மாட்டி, கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சொல்லத்தான் தினமும் அஞ்சரைக்குக் கூப்பிட்டாளாம். நீதான் போனை எடுக்கலையாமே."