நன்றியுரைப் பக்கம்

கையெழுத்துப் போடுவதற்காக என் ஆய்வேட்டைப் புரட்டிய நெறியாளர் இளம்பரிதி, நன்றியுரையில் நின்றுவிட்டார்.

“உங்கப்பா தவறிட்டாராம்மா? எப்போ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா இறந்த மாதம் முழுக்க, தினமும் எனக்கு மின்னஞ்சலில் ஆறுதல் கடிதம் எழுதியவர் இவர். அந்தக் கடிதங்கள் இல்லையென்றால் ஆய்வையே விட்டிருப்பேன் என்றுதான் நன்றியுரையில் எழுதியிருந்தேன்.

“மாணவர்களுக்கெல்லாம் பல்கலைக்கழகச் செயலிதாம்மா என் பேர்ல பதில் போடும். ஒவ்வொருத்தரைப் பத்தியும் எனக்கு வாரம் ஒரு வரி வரும்.”

கணினியைத் திருப்பிக் காட்டினார். அந்த மாதத்தின் நான்கு வாரமும் என்னைப் பற்றி ஒரே வரி: ‘மங்கையர்க்கரசி நலம். பணி தொடர்கிறது.’

பக்கத்தைக் கிழிக்கக் கை நீட்டினேன். ஆய்வேட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது அப்படியே இருக்கட்டும்மா. தர மதிப்பீட்டுக் குழு வர்றப்போ காட்டலாம்” என்று சொல்லி, கையெழுத்தைப் போட்டார்.