கூரையில் ஒட்டிய புடவை

பழைய காரின் கூரைத் துணி பசைவிட்டுத் தொங்கி, ஏறுகிறவர்கள் தலையையெல்லாம் தடவியது. கடையில் மாற்றக் கட்டுப்படியாகாமல், வசுமதி பீரோவில் கட்டாமலே கிடந்த பூப்போட்ட புடவையை வெட்டித் தானே ஒட்டினாள்.

"அம்சமா இருக்கேடி! இனிமே நமக்கு மானக்கேடு இல்ல," என்றது டிரைவர் சீட்டுக்கு எதிரே இருந்த சின்னக் கண்ணாடி. புடவைக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வசுமதியின் நாத்தனார் பின்சீட்டில் ஏறினாள். சாய்ந்து உட்கார்ந்து மேலே பார்த்தாள்.

"கூரை நல்லாருக்கு வசு," என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வசுமதி காரைக் கிளப்பினாள்.

"என்னடி இது, வசு என் பக்கம் திரும்பவே மாட்டேங்கிறா?" என்று கண்ணாடி கிசுகிசுத்தது.

"போன தீபாவளிக்கு என்னை வசுவுக்கு எடுத்துக் கொடுத்ததே பின்சீட்டுல இருக்கிற இந்த அம்மாதான்," என்றது புடவை. "அந்தப் பழைய துணி மாதிரி நானும் கழண்டு விழுந்துடலாம்னு பார்க்கிறேன். பசை விட மாட்டேங்குது."