ஜூலியானாவின் கட்டைவிரல்கள்

கணினித் திரையில் நிக்கோலின் கருவிழி வண்ணப் படமாகத் தெரிகிறது. ஓரமெல்லாம் பச்சை, நடுவுக்குச் சற்றுக் கீழே தணல் போல ஒரு சிவப்பு. ஜார்ஜ் டவுன் வெயில் சன்னல் இடுக்கில் நுழைந்து மேசைமேல் கோடு போடுகிறது. "கெராட்டோகோனஸ். கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னால தள்ளுது. அதான் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது," என்கிறார் டாக்டர் ஜெகதீஸ்வரி. "கண்ணைத் தேய்ச்சா இன்னும் மோசமாகும். தேய்க்கிற பழக்கம் இருக்கா?" அம்மா ஜூலியானாவின் கைகள் கைப்பைக்கு அடியில் ஒளிகின்றன. மகளுக்குக் கண் அரிக்கிற நாட்களிலெல்லாம், ஜெபமாலை முடிந்ததும் இமைகளின்மேல் சிலுவை வரைந்து, அரிப்பு அடங்கும்வரை கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டவள் அவள்தான். சிறு வயதிலிருந்தே, அத்தனை அன்போடு. அவள் வாய் திறப்பதற்குள், "நான்தான் தேய்ப்பேன் டாக்டர், கை சும்மா இருக்காதுலா," என்கிறாள் நிக்கோல். "இனிமே தொடவே கூடாது. சிகிச்சை செஞ்சு இதோட நிறுத்தப் பார்ப்போம்," என்கிறார் டாக்டர். ஜூலியானாவின் தோள்கள் குலுங்குகின்றன. "அழாதீங்க மம்மி. ஒரு மம்மி அழுதாலே தாங்காது, எனக்கு ரெண்டு தெரியுதுலா!" சிரிக்கிற மகளின் கண்ணோரத்தில் நீர் கோக்கிறது. துடைக்க எழுந்த ஜூலியானாவின் கை, இமைக்கு அருகே போய், தொடாமல் நிற்கிறது.