ஒன்பது டன்

"இன்னொரு பீம் போட்டு உடைச்சுப் பாரு."

மேடம் ஃபைலை அவன் பக்கமே தள்ளிவிட்டார்.

"மேடம், ரெண்டு தடவையும் ஏழரை டன்னிலேயே உடைஞ்சிருக்கு."

"அதனாலதான் சொல்றேன். இன்னொரு தடவை."

அவனுக்குப் பதில் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

விஷயம் இதுதான். சாம்பல் கலந்த கான்கிரீட் பீம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட மேடம் ஒரு ஃபார்முலா கண்டுபிடித்திருந்தார். பதினைந்து வருடமாக அது அவர் பெயரிலேயே பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதன்படி பார்த்தால் அவன் போட்ட பீம் ஒன்பது டன் தாங்க வேண்டும். பாவம், அது பீமுக்குத் தெரியவில்லை. ஏழரையிலேயே படாரென்று போய்விட்டது.

பீம் போட்டால் இருபத்தெட்டு நாள் ஈரச் சாக்கு போர்த்திக் காக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உடைக்கலாம். ஆக, மேடம் வாயிலிருந்து 'இன்னொரு தடவை' வந்தால் அவனுக்கு ஒரு மாதம் காலி.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது. அடுத்த மாதக் கடைசிக்குள் தீசிஸைச் சமர்ப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆராய்ச்சி வழிகாட்டியான மேடம் கையெழுத்து இல்லாமல் சமர்ப்பிக்க முடியாது.

"மாப்பிள்ளை இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்காரா?" என்று மாமனார் போனில் கேட்பது பழகிவிட்டது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டதுதான் சுருக்கென்றது.

"அப்பா, நீ எப்பப்பா பாஸ் ஆவே?"

லேபில் பீம் உடைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவருக்கு 'உடைப்பு அண்ணன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"என்ன தம்பி, மறுபடியுமா?"

"பின்னே? தன் ஃபார்முலா தப்புன்னு யாராவது தானே கையெழுத்துப் போடுவாங்களா அண்ணே? ஒன்பது வர்ற வரைக்கும் என்னை உடைக்கச் சொல்லுவாங்க."

"சேச்சே, அவங்க அப்படிப்பட்ட ஆள் இல்லப்பா."

"உங்களுக்குத் தெரியாது. 'நம்பரை மாத்துறவன் இன்ஜினியரே இல்லை'ன்னு முதல் கிளாஸ்ல பெரிசா பேசினாங்க. எல்லாம் நமக்குத்தான். தனக்குன்னு வந்தா வேற நியாயம்."

அண்ணன் சாக்கை நனைக்கப் போனார்.

இருபத்தெட்டு நாள் கழித்து மூன்றாவது பீம் மெஷினில் ஏறியது. ஏழு டன்னைத் தாண்டியதுமே விரிசல் விட்டது. ஏழு புள்ளி நாலில் கதை முடிந்தது. அண்ணன் ஒரு தாளில் எண்ணை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

கடைசித் தேதிக்கு இன்னும் நாலே நாள் இருந்தது.

அவன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புதிதாக ஓர் அட்டவணை அடித்தான். முழுசாக ஒன்பது என்று போட்டால் சந்தேகம் வரும். எட்டு புள்ளி ஒன்பது என்று போட்டான். முதல் இரண்டு தடவையும் கலவை சரியில்லை என்று கீழே ஒரு வரி சேர்த்தான். மனசு கொஞ்சம்கூட உறுத்தவில்லை. கேட்டதைத்தானே கொடுக்கிறோம்!

மேடம் அறையில் தனியாக இருந்தார்.

"உடைச்சாச்சா? எவ்வளவு?"

"எட்டு புள்ளி ஒன்பது மேடம். உங்க ஃபார்முலா சரிதான். நான்தான் முதல் ரெண்டுலேயும் கோட்டை விட்டிருக்கேன்."

மேடம் முகம் மலரும் என்று எதிர்பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அட்டவணையைப் பார்த்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயமா மேடம்."

மேடம் பேனாவை எடுத்துச் சமர்ப்பிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அப்பாடா! ஆறு வருடத்தில் அவனுக்கு அவ்வளவு நிம்மதி வந்ததில்லை. மகளிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மேடம் மேஜை டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

"இது இனிமே தேவைப்படாது. போற வழியில கிழிச்சுப் போட்டுடு. எனக்குக் கிளாஸ் இருக்கு."

மாடிப்படி வளைவில் குப்பைக்கூடை இருந்தது. கிழிக்கப் போனவன், கவர் ஒட்டாமல் இருப்பதைப் பார்த்து உள்ளே இருந்ததை உருவினான். மேடத்தின் ஃபார்முலாவை முதலில் வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அவரே எழுதிய கடிதம். தேதி போன மாதத்தது.

'பதினைந்து வருடங்களுக்கு முன் நான் கொடுத்த ஃபார்முலா தவறு. அதை நம்பி இனி யாரும் கட்டிடம் கட்டக் கூடாது. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். மூன்று சோதனைகளும் ஒத்துப்போனால்தான் வெளியிட முடியும் என்று சொல்லியிருந்தீர்கள். இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவது: ........ டன்.

சோதித்தவர் என் மாணவர். இந்தக் கடிதம் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடக்கூடும். அவருடைய எண்ணை நீங்கள் சரிபார்க்க வேண்டியதில்லை. யாருக்காகவும் ஓர் எண்ணைக்கூட மாற்றாதவர் அவர். அதற்கு நான் பொறுப்பு.'