சாந்தாமணி நின்ற காவல்

"லைசென்ஸைக் காட்டுங்க. அப்புறம் உள்ள வரலாம்."

கேட்டைத் திறக்காமலேயே சாந்தாமணி கையை நீட்டினாள். சாஜித் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பர்சிலிருந்து வயர்மேன் லைசென்ஸை எடுத்துக் கம்பி இடுக்கு வழியாகக் கொடுத்தான். சூலூர் எலக்ட்ரிகல் கடைக்காரர் இந்த வேலையைச் சொன்னபோதே சிரித்திருந்தார். "அந்தம்மா இந்த வாரத்துல ரெண்டு பேரை வாசலோட அனுப்பிருச்சு. பாத்துக்கப்பா."

அவள் படத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். புதுப்பித்த தேதியை விரல் வைத்துப் படித்தாள். பிறகு பெயரை வாய்விட்டுப் படித்தாள்.

"சாஜித். ஊடு எங்கீங்க?"

"கோட்டைமேடுங்க."

அவள் லைசென்ஸை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். அவனுக்குப் பழகிய பார்வை அது. பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு, 'அப்புறம் கூப்பிடறோம்' என்று அனுப்பிய வீடுகள் உண்டு. லைசென்ஸைத் திருப்பி வாங்க அவன் கை நீட்டியபோது கேட் திறந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றப் போனான்.

"கழட்டாதீங்க. ரப்பர் செருப்புதானுங்களே?"

"ஆமாங்க்கா."

"போட்டுட்டே வாங்க. டெஸ்டர் வெச்சிருக்கீங்களா? எரியுதான்னு முதல்ல இந்த பிளக்ல வெச்சுக் காட்டுங்க."

டெஸ்டர் எரிந்தது. போலி ஆள் என்று நினைக்கிறாளோ என்னவோ. பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறான். ஒருவரும் இப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை.

படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் ஹீட்டர் பழுது. குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றாள். ஹாலில் இருந்த மெயின் சுவிட்சை அவளே அணைத்தாள். அணைத்த கையோடு அந்தச் சுவிட்ச் பெட்டியை மறைத்தபடி நின்றுகொண்டாள்.

படுக்கையறைக்குள் நுழைந்த சாஜித் நின்றுவிட்டான். எதிரே பீரோ. அதன் பூட்டிலேயே சாவிக்கொத்து தொங்கியது. வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறாளா? அந்தப் பக்கம் திரும்பாமல் குளியலறைக்குள் போய், ஹீட்டரின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தான்.

"ஏனுங்க, என்ன பண்ணறீங்க?" ஹாலிலிருந்து அவள் குரல்.

"வயரைப் பாத்துட்டிருக்கேனுங்க."

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

"ஏனுங்க, சத்தத்தையே காணோம்?"

"இங்கயேதானுங்க இருக்கேன்."

காது சுட்டது. அதன்பிறகு, பீரோ பக்கம் போகவில்லை என்று அவளுக்குத் தெரியட்டும் என்றே, ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் டொக்கென்று வைத்து வைத்து எடுத்தான். எர்த் வயர் எதிலும் சேராமல் சும்மா சுருட்டி விடப்பட்டிருந்தது. உள்ளே போகும் வயரும் தோலுரிந்து கிடந்தது. அதை வெட்டிவிட்டுப் புது வயர் கொடுத்தான். எர்த்தை முறுக்கிச் சேர்த்தான். கோபத்திலும் கை வேலையில் பிசகவில்லை.

வெளியே வேனின் ஹாரன் கேட்டது. கேட்டருகே ஒரு பெண் குரல். "அக்கா, அவிநாசி கோயிலுக்குக் கிளம்பியாச்சுங்க. உங்களுக்குத்தான் நிக்கறோம்."

"நீங்க போயிட்டு வாங்க பூஜிதா. உள்ள ஆள் வேலை செய்யறாங்க. நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன் கண்ணு."

"மாசக்கணக்கா வேண்டிட்டு இருந்தீங்களேக்கா."

"பரவால்ல. போங்க."

வேன் போய்விட்டது. சாஜித் மூடியின் ஸ்க்ரூவை வேகமாக முடுக்கினான். சாமி கும்பிடப் போவதைக்கூட விட்டுவிட்டு ஒருவரைக் காவல் காக்க வேண்டுமென்றால், தன் முகத்தில் அப்படி என்ன எழுதியிருக்கிறது?

வேலை முடிந்து ஹாலுக்கு வந்தான். முதலில் பார்த்த அதே இடத்தில், பெட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"முடிஞ்சுதுங்க. மெயினைப் போடலாங்க."

"நீங்களே போடுங்க. நான் போடறதில்லைங்க."

அவள் விலகிக்கொண்டாள். அவன் மெயினைப் போட்டான். மின்விசிறி சுழன்றது. குளியலறைக்குத் திரும்பிப் போய் ஹீட்டரைப் போட்டு, குழாயைச் சோதித்து, சரியாக இருப்பதைக் காட்டினான். பையை எடுத்துத் தோளில் மாட்டியவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்காதீங்க. எம்மேல இவ்வளவு சந்தேகம் இருந்தா, வேற ஆளக் கூப்பிட்டிருக்கலாமேங்க. பீரோவுக்கு இப்படி நின்னு காவல் காத்திருக்க வேண்டாமே."

சாந்தாமணி அவனைப் புரியாமல் பார்த்தாள். பிறகு படுக்கையறைப் பக்கம் திரும்பி, அந்தச் சாவிக்கொத்தை அப்போதுதான் கண்டவள்போல் பார்த்தாள்.

"பீரோவுக்கு இல்லீங்க," என்றாள் மெல்ல. "ஈரோட்டுல இருந்து என் தம்பி வந்திருந்தான். லைசென்ஸ் எல்லாம் கிடையாது, ஏதோ கொஞ்சம் வேலை தெரியும். இதே பாத்ரூம்ல, வெறுங்காலோட, ஹீட்டரைக் கழட்டிட்டிருந்தானுங்க. மெயினை அமத்திப்போட்டுத்தான் போயிருக்கான், எங்கிட்டச் சொல்லல. கடைக்குப் போயிட்டு வந்தவ, தானா விழுந்திருச்சுன்னு நெனச்சு மெயினைத் தூக்கிவிட்டது நானுங்க."